ஆயில் ஊற்றும் முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான 10 ஆண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து, அதற்கு மேலும் ஓடும் கார்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு நிறைய வருகின்றன. "அண்ணே, பிரேக் ஆயில் மாசாமாசம் குறையுது, நானே ஊத்திச் சமாளிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். எஞ்சின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். பிரேக், கிளட்ச், பவர் ஸ்டியரிங் ஆயில் அப்படிக் குறையாது. மூடிய அமைப்புக்குள் இருப்பது குறைந்தால் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும்; அந்த இடத்தை நிரப்ப பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல இறங்கும். இது கசிவல்ல. இது தெரியாமல் மேல்கோடு வரை ஊற்றி வைத்தால், புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயிண்டை அரித்துவிடும். ஆகவே அளவு மெதுவாக இறங்கியிருந்தால் முதலில் பேட்டைப் பாருங்கள்.

சரி, தரையில் சொட்டு இருக்கிறது. அது என்ன? நம் ஊர் வெப்பத்துக்கு ஏர்கான் நாள் முழுக்க ஓடுவதால், முன்பக்கத்தில் சொட்டும் தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் இரவில் காருக்கடியில் ஒரு அட்டையை விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பவர் ஸ்டியரிங் ஆயில் பல கார்களில் சிவப்பு. பிரேக் ஆயில் வெளிர்மஞ்சள், பழசானால் பழுப்பு. குழப்பமாக இருந்தால் ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள்: டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், மற்ற எண்ணெய்கள் மிதக்கும்.

பிரேக் ஆயில்தான் என்று தெரிந்தால் காரை ஓட்டாதீர்கள். "இன்னும் பிரேக் பிடிக்குதே" என்பார்கள். பிடிக்கத்தான் செய்யும், பிரேக் அமைப்பு இரண்டு தனிப் பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று செயலிழந்தாலும் மற்றது ஓரளவு நிறுத்தும். ஆனால் பெடல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். விரைவுச்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் அந்த இரண்டாவது பாதையை மட்டும் நம்ப முடியாது.

எங்கே தேடுவது? பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் சீல் போயிருக்கும். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மேனுவல் கார்களில் கிளட்ச் பெடலுக்கு மேலே தடவிப் பாருங்கள். பல பழைய கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவில்தான் ஆயில் எடுக்கும். வெளியே ஒரு துளியும் இல்லாமல் அளவு குறைகிறது, பேட்டும் நன்றாக இருக்கிறது என்றால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் வழியாக ஆயில், பெடலை அழுத்த உதவும் பூஸ்டருக்குள் போகலாம். இதை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். எஞ்சினை ஓடவிட்டு பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தபடி இருக்கும்போது அது மெல்ல இறங்கிக்கொண்டே போனாலும் ஒர்க்‌ஷாப் வேலைதான்.

பவர் ஸ்டியரிங் கசிவு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். டப்பாவுக்குத் திரும்பும் ஹோஸில் அழுத்தம் குறைவு. பழைய கிளிப் தளர்ந்து அங்கே கசிந்தால் புதுக் கிளிப் போடலாம், ரப்பர் இறுகி வெடித்திருந்தால் ஹோஸையே மாற்றலாம். பம்பிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குப் போகும் ஹோஸ் வேறு கதை. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அதில் 70 பார், சில கார்களில் 100 பாருக்கும் மேல் அழுத்தம் வரும். டேப் சுற்றுவது, கிளிப் போட்டு இறுக்குவது எதுவும் அங்கே நிற்காது. எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவும் வேண்டாம். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது சீலைச் சில நாள் உப்ப வைக்கும், அவ்வளவுதான்.

கசிவைவிடப் பெரிய செலவு, தவறான ஆயில். பிரேக் டப்பாவில் பவர் ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றினாலும் ரப்பர் சீல்கள் எல்லாம் உப்பிவிடும். பிரேக் விடாமல் இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அப்படி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், பெடலைத் தொடாமல் டோ லாரியைக் கூப்பிடுங்கள். பவர் ஸ்டியரிங்கிலும் எல்லாக் காருக்கும் ஒரே ஆயில் இல்லை: ஹோண்டா தனக்கென்று ஒன்றைக் கேட்கும், பழைய சிட்ரோவன் கார்கள் எல்எச்எம் என்ற பச்சை நிற ஆயிலைக் கேட்கும். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. அதனால் நம்மில் பலருக்கு வீட்டு வேலை என்பது கசிவைக் கண்டுபிடிப்பது வரைதான். தரைவீடு உள்ளவர்கள்கூட ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைய வேண்டாம். ஜாக் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு போங்கள். வடித்த ஆயிலை வடிகாலில் ஊற்றாதீர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. பாட்டிலில் மூடி, வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

10 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை இருக்கிறது. பிரேக் ஆயில் கசிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அட்டையில் கறை தெரிந்த அன்றே போன் செய்யுங்கள்.