எப்படி வீசினாலும் ஒரு முனை மேலே

குதிரைப் படையை மறிக்கத் தரையில் வீசப்பட்ட நான்முனை இரும்பு முள்ளுக்கு ஆங்கிலத்தில் ‘கால்ட்ராப்’ என்று பெயர். ‘கால்’ காதில் விழுவதால் தமிழ்ச் சொல் என்று கிளம்பிவிட வேண்டாம். இடைக்கால லத்தீனில் ‘கால்கட்ரிப்பா’: மிதிப்பவரைப் பிடிக்கும் பொறி. பழைய ஆங்கிலத்தில் அது முட்செடிகளின் பெயராகத்தான் இருந்தது. இரும்புக்கு வந்தது பிறகு.

லத்தீனில் செடிக்கும் கருவிக்கும் ஒரே பெயர், ‘டிரிபுலஸ்’. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மும்முனை என்று பொருள். நெருஞ்சியின் அறிவியல் பெயர் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். வடமொழியிலும் அது திரிகண்டகம், மூன்று முள். நான்கு முனைக் கருவிக்கு ஏன் மூன்று? ரோமானியப் போர்க்கலை எழுத்தாளர் வெஜிடியஸ் தரும் விளக்கமே போதும்: எப்படி எறிந்தாலும் மூன்றில் நிற்கும், நான்காவதால் மிரட்டும்.

நான்கு கைகளும் சம நீளம். எந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 109.5 பாகை. கை 3 செ.மீ. என்றால் மையம் தரையிலிருந்து 1 செ.மீ. உயரத்திலும் மேல்முனை 4 செ.மீ. உயரத்திலும் இருக்கும். எடை அவ்வளவு தாழ்ந்திருப்பதால், கவிழ்க்க 55 பாகை வரை சாய்க்க வேண்டும். கவிழ்த்தாலும் லாபமில்லை, வேறொரு முனை மேலே வந்துவிடும். மிதிக்கும்போது மொத்த எடையும் மேல்முனையில் இறங்குகிறது. கீழே அது மூன்றாகப் பிரிகிறது. அதனால் இறுகிய தரையில் கருவி புதைவதற்குள் குளம்பின் அடி கிழிந்துவிடும். சேற்றில் இது நடக்காது, முள் அமுங்கிப் போகும். கீழ்க்கைகள் தரையோடு 20 பாகைக்கும் குறைவான சரிவில் கிடப்பதால், இரும்பு மெலிந்திருந்தால் கைகள் விரிந்து மேல்முனை தாழ்ந்துவிடும்.

நெருஞ்சியிடம் இந்தத் துல்லியம் இல்லை. முற்றிய காய் ஐந்து துண்டுகளாக உடைகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு நீண்ட முட்கள், இரண்டு குட்டை முட்கள். எப்படிக் கிடந்தாலும் ஏதோ ஒரு முள் சாய்வாகவாவது மேலே பார்க்கும். காலிலோ குளம்பிலோ ஒட்டிப் பயணம் போக அது போதும். ஒரு துண்டுக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள். அவை ஒரே மழையில் முளைப்பதில்லை, ஆகவே ஒருமுறை களையெடுத்து ஓயவும் முடியாது. காய் பச்சையாக இருக்கும்போதே ஆணிவேரோடு பிடுங்க வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் நாமே விதைத்ததாகிவிடும்.

ரப்பர் டயர் வந்தபின் கருவியும் மாறியது. கெட்டியான முள், தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் பிரிவு முனைகளைக் குழாயாகச் செய்தது. குத்தியபடியே இருந்தாலும் காற்று குழாய் வழியே வெளியேறும். சைக்கிளில் ஏறும் நெருஞ்சி பழைய கெட்டி ரகம். டியூபுக்கு ஒட்டுப் போட்டதும் டயரை மாட்டிவிடாமல், உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். முறிந்த முள்நுனி அங்கேயே இருந்தால் துணியில் மாட்டும். விட்டுவிட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை.