காரில் கிடந்த சாக்லேட் பால்

திங்கட்கிழமை காலையில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நேத்து எங்க போயிருந்தீங்க?" என்பதுதான். "எங்கயும் போகல டாக்டர், சும்மா பக்கத்துலதான்" என்பார்கள். இந்தப் 'பக்கத்துலதான்' எனக்குக் கொஞ்சம் பயம் தரும் சொல். நான்கு நாள் பயணம் என்றால் மாத்திரை வரைக்கும் பட்டியல் போடுபவர்கள், ஒருநாள் உலா என்றால் இரண்டு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அடுத்து, "வெளியில எதுவும் வாங்கிக் குடிக்கல, எல்லாம் வீட்டுல செஞ்சது" என்பார்கள். வீட்டில் செய்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செய்த பிறகு அது எத்தனை மணி நேரம், எங்கே கிடந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு குடும்பம். காலை ஏழு மணிக்குச் சாக்லேட் பால் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, காரின் பின் இருக்கையில் போட்டிருக்கிறார்கள். குடித்தது மதியம் ஒரு மணிக்கு. நான்கு மணிக்குள் மூன்று பேருக்கு வாந்தி. "கெட்ட வாடை எதுவும் வரலையே டாக்டர்" என்றார் அந்த அம்மா. வராதுதான். பால் திரிந்தால் நாக்கு சொல்லிவிடும். கையிலிருந்து பாலில் இறங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உண்டாக்கும் நச்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. மிச்சமிருந்ததை இரவில் நன்றாகக் கொதிக்கவைத்துப் பாட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கும் வாந்தி. கொதித்தால் கிருமி சாகும், அது ஏற்கெனவே கக்கிவைத்த நச்சு அப்படியே இருக்கும்.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பால் கலந்த எதுவும் அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது; வெளியில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணியிலேயே வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அந்தப் பால் அங்கே கிடந்தது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

எலுமிச்சைச் சாற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. ஒரு குழந்தையின் தோளில் விரல் பதித்ததுபோல நான்கு பழுப்புத் தடங்கள். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று பள்ளியில் சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே வந்தார். தொட்டால் வலியில்லை, வீக்கமில்லை. பேசிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது: மூன்று நாளுக்கு முன் தண்ணீர்க் கரையில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்திருக்கிறார், அதே கையோடு, ஓடிய பிள்ளையைத் தோளில் பிடித்து இழுத்திருக்கிறார். எலுமிச்சையில், அதிலும் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடம்பில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். ஃபைட்டோபோட்டோடெர்மடைடிஸ் என்று இதற்கு ஒரு நீளமான பெயர். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் யாரும் எலுமிச்சையைச் சந்தேகிப்பதில்லை. சிலருக்குக் கொப்புளமே வரும். கறை மறைய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பிழிவதை வீட்டிலேயே முடித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்பினால் போதும்.

அதே சாற்றைச் செம்புப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும்; குமட்டலில் முடியும். ஒரு வயது ஆகாத குழந்தை கூட வந்தால் தேன் கலந்த எதையும் அதற்குப் புகட்டக் கூடாது, பொட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கவைக்கும் நச்சு நோய் வரலாம். ஐஸ் கட்டியில் கிருமி இருக்காது என்று நம்ப வேண்டாம். உறைந்தால் கிருமி தூங்கும், அவ்வளவுதான்.

வழியில் யாருக்காவது வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டால் பழச்சாறு கொடுக்காதீர்கள், அதிலுள்ள சர்க்கரை போக்கை அதிகமாக்கும். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவில் போடும் விஷயமில்லை இது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

நான் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை முந்தின இரவே பாதியளவு உறையவைத்துவிடுவேன். காலையில் மீதியை நிரப்பினால் மதியம்வரை குளிர்ச்சி நிற்கிறது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் சின்ன பாட்டிலில் தனியாக வரும், குடிக்கும்போதுதான் கலப்பேன். பால் வேண்டுமென்று பிள்ளைகள் அடம் பிடித்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிய ஃபிளாஸ்கில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால். அதையும் போய் இறங்கியதும் குடித்து முடித்துவிட வேண்டும். திரும்பும் வழியில் மிச்சம் கேட்டால், கொட்டியாயிற்று என்பேன்.