பச்சை உடம்பும் கொடிக்கயிறும்: மார்பக அறுவைக்குப் பின் வரும் கை இறுக்கம்

"உள்ளுக்குள்ள யாரோ கொடிக்கயிறு கட்டி வெச்ச மாதிரி இருக்குதுங்க கண்ணு" என்றார் அந்த அம்மா. புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. முந்தானையை இழுத்து இடது பக்கம் முழுக்கப் போர்த்தி, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் கையைத் தூக்கச் சொன்னேன். தோள் மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. அப்படியே அக்குளைப் பார்த்தால், தோலுக்கடியில் இரண்டு இழைகள் விறைத்து எழும்பி நின்றன. ஒன்று முழங்கை மடிப்பு வரைக்கும் ஓடியது.

என்னிடம் வருவதற்கு முன்பே சுளுக்கு எடுக்கிறவரிடம் இரண்டு தடவை போய்விட்டு வந்திருக்கிறார். நரம்பு பிசகியிருக்கிறது என்று எண்ணெய் போட்டு உருவி அனுப்பியிருக்கிறார்கள்.

அது நரம்பு இல்லை. அக்குளில் நெறிகட்டிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களை, எடுக்கும்போது அவற்றோடு சேர்ந்த, திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் ஓடுகிற குழாய்களும் அறுபடுகின்றன. அந்தக் குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும் தடித்து இறுகுவதால்தான் இந்த இழைகள் உண்டாகின்றன என்று கருதுகிறோம். மருத்துவத்தில் இதற்கு ஆக்ஸிலரி வெப் சின்ட்ரோம் என்று பெயர். மாஸ்கோவிட்ஸ் என்பவரும் அவரோடு பணியாற்றிய மருத்துவர்களும் 2001இல் விரிவாக எழுதிய பிறகுதான் இது பரவலாகத் தெரியவந்தது. பெரும்பாலும் அறுவை முடிந்து 2 முதல் 8 வாரத்துக்குள் வரும். சிலருக்கு மணிக்கட்டு, கட்டைவிரல் வரை இழுக்கும். பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தளர்ந்துவிடும். ஆனால் அந்தச் சில மாதங்கள் கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் பிடித்துக்கொள்கிறது. இழை போனாலும் தோள் எளிதில் பழையபடி திரும்புவதில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கையை மடக்கி வைக்கச் சொல்வது யார்? வீட்டில் இருக்கும் எல்லோரும்தான். "பச்சை உடம்பு, அசைக்காதே" என்பது நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும் சொல்வது, ஆபரேஷன் ஆனவளுக்கும் சொல்வது. இந்த அம்மாவின் நாத்தனார் ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடவில்லையாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பாசத்தில் செய்வது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை நேரமெல்லாம் எழுதுகிறவர்கள் கையை எப்போது, எவ்வளவு தூக்கலாம் என்று ஒரு வரி எழுதாமல் அனுப்புவதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த ஒரு வரி இப்படி இருக்கலாம். முதல் வாரம், காயத்து நீரை வடிக்கும் டிரெயின் குழாய் இருக்கும்வரை, முழங்கை தோள் மட்டத்துக்கு மேல் போக வேண்டாம். விரல், மணிக்கட்டு, முழங்கையை மடக்கி நீட்டலாம், தலை வாரலாம், சாப்பிடலாம். அதன் பிறகு அறுவை மருத்துவர் சம்மதித்ததும் படிப்படியாக மேலே. தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் 7 முதல் 10 நாளில் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு ஒரு வருடம் கழித்து மற்றவர்களைவிடக் கை நன்றாக இயங்கியது; காயத்துக்குக் கூடுதல் தொல்லையும் வரவில்லை.

சுவர் ஏறுவது எல்லோரும் கேள்விப்பட்ட பயிற்சிதான். சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லி மாதிரி மேலே நடத்திப்போய், இழுக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சை இழுத்து விட்டு, பத்து எண்ணி இறங்க வேண்டும். போன இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். இந்த அம்மா தினசரி காலண்டர் பக்கத்தில் கோடு போட்டார். முதல் வாரம் கோடு காலண்டரின் சாமி படத்துக்குக் கீழே. நாலாவது வாரம் ஆணிக்கு மேலே. இழைக்கென்று தனியாக ஒன்று உண்டு: கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைச் சுவரில் பதித்து, உடம்பை மெல்ல எதிர்ப்பக்கம் திருப்புவது. இழுக்க வேண்டும், வலித்துக் கண் கலங்கக் கூடாது. சில சமயம் 'டக்' என்று உள்ளே ஏதோ விட்டுப்போகும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கை உடனே இலகுவாகும். அதற்காக வேண்டுமென்றே அறுக்கப் பார்ப்பது வேறு விஷயம், அது வேண்டாம்.

வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். அக்குளுக்கும் மேற்கையின் உட்புறத்துக்கும் உணர்ச்சி தரும் ஒரு நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவது சகஜம். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தழும்பு விஷயத்துக்கு வருகிறேன். காயம் முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்த பிறகு, ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, தழும்பின் மேல் இரண்டு விரலை வைத்து மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் தோல் நகர மறுக்கிறதோ அங்கே அடியில் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் வேலை. எண்ணெய் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் விரல் வழுக்கும், தோல் நகராது. விரலோடு தோலும் சேர்ந்து நகர வேண்டும், அதுதான் கணக்கு. காலையும் இரவும் ஐந்து நிமிடம் போதும். பல பெண்கள் அந்த இடத்தைத் தொடவே மாட்டார்கள், குளிக்கும்போது பார்ப்பதுகூட இல்லை. அவர்களிடம் முதல் வாரம் மசாஜ் என்று சொல்லாமல், உள்ளங்கையைச் சும்மா வைத்திருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ரேடியேஷன் இருக்கிறவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுத்தால்தான் கதிர் வைக்க முடியும். கை ஏறாததால் தேதி தள்ளிப்போய், அதற்காகவே என்னிடம் அனுப்பப்பட்டவர்கள் உண்டு. கதிர் பட்ட தோல் சிவந்து உரியும்போது அதன் மேல் மசாஜ் கூடாது. கையை நீட்டும் பயிற்சியை மட்டும் விடக் கூடாது. கதிரின் இறுக்கம் அன்றைக்கே தெரியாது. மாதங்கள் கழித்து, வருடங்கள் கழித்துக்கூட மார்புத் தசை மெல்லச் சுருங்கி, தோளை முன்னால் இழுத்துக் கூன் போட வைக்கும்.

எல்லா வலியையும் தழும்பு மேல் போடவும் முடியாது. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காலையில் இரண்டு கை மூட்டுகளும் பிடித்துக்கொள்வது மாத்திரையால் வருவது. கை திடீரென வீங்கினாலோ, சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் புதுக் கட்டி தட்டுப்பட்டாலோ, ராத்திரியில் எலும்புக்குள் குடைந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பாரம் தூக்கலாமா என்பது எல்லோரும் கேட்பது. நெறிகட்டி எடுத்த கையில் நிணநீர் தேங்கி வீங்கிவிடும் என்று பயந்து, ஆயுசுக்கும் கூடாது என்றுதான் ஒரு காலத்தில் சொல்லிவந்தோம். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்த அமெரிக்க ஆய்வு 2009இல் வந்தது. வீக்கம் அதனால் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவதும் குறைவாகவே இருந்தது. மேற்பார்வையோடு, மெதுவாக ஏற்றினார்கள் என்பது முக்கியம்.

இதைச் சொன்னதும் அந்த அம்மா, "அப்பக் குடம் தூக்கலாமா கண்ணு?" என்றார். முதலில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் என்றேன். "அரை லிட்டரா? எங்கூட்டுப் பூனையே அதுக்கு மேல இருக்கும், அதையே தூக்கிக்கறேன்" என்று சிரித்தார். நெறிகட்டி எடுத்த கையில் ஒரு சின்னக் கீறல் பட்டாலும் சீழ் பிடித்து வீங்கிக்கொள்ளலாம். பூனை பிராண்டிவிடும், பாட்டிலே இருக்கட்டும் என்றேன்.