எல்.கே.ஜி. பிள்ளைக்கு எதற்கு எழுத்து ஹோம்வொர்க்?

மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று எங்கே போனாலும் அம்மாக்கள் என்னிடம் முதலில் நீட்டுவது நாலு வரி நோட்டைத்தான். "பக்கத்து வீட்டுப் பையன் ஏ டு இசட் எழுதுறான் மிஸ். இவன் பென்சிலே புடிக்க மாட்றான்." பையனுக்கு மூன்றரை வயது. சாயங்காலம் டியூஷன் வேறு!

இது பிடிவாதம் இல்லை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக மாறப் பல வருடங்கள் ஆகும். பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். கூட்டல் குறி நாலு வயதில் வரும், முக்கோணம் ஐந்து வாக்கில். முக்கோணமே வராத பிள்ளையைச் சுழித்து வளைத்து 'அ' போடச் சொல்கிறோம்.

அந்தக் கைக்கு வேண்டிய வேலை வேறு. பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு உருட்டட்டும், கொடியில் துணி கிளிப் மாட்டட்டும். காசிமேட்டில் அம்மா மீனைக் கூறு கட்டும்போது பக்கத்தில் ஒரு குட்டிப்பெண் உட்கார்ந்து சங்கராவைப் பெரிசு, சின்னது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கூறுல ஒண்ணு கம்மிம்மா" என்றாள். கணக்குப் பாடம் அதுதான். நோட்டில் 1 முதல் 50 வரை எழுதுகிற எத்தனையோ பிள்ளைகளிடம் நாலு பொத்தான் கேட்டால் கை நிறைய அள்ளித் தருகிறார்கள்.

அங்கன்வாடியில் "சும்மா பாட்டுப் பாடி அனுப்புறாங்க" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. இடநெருக்கடி, வெக்கை என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் பாட்டும் கதையும் விளையாட்டும்தான் அந்த வயதுக்கான பாடம். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரையிலான கட்டத்துக்கு விளையாட்டு வழிக் கற்றலைத்தான் சொல்கிறது.

அட்மிஷனுக்குப் போனால் சுவரில் வரைந்த மிக்கி மவுஸில் மயங்க வேண்டாம். பொம்மைகள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா? ஒரு டீச்சரிடம் எத்தனை பேர்? 3–6 வயதில் 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது 2013 தேசிய மழலையர் பராமரிப்பு, கல்விக் கொள்கை சொல்லும் அளவு. அப்புறம், பிள்ளை டிராயரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டால் யார் மாற்றிவிடுவார்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் வந்தால் ஃபீஸைப் பற்றிப் பேசலாம்.