பச்சை குத்தச் சட்டத்தில் தடை இருக்கிறதா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் புதுச்சேரி ஞாயிறு சந்தைக்கும் போய்வரும் பிள்ளைகள் டாட்டூ போட ஆசைப்படுகிறார்கள். வீட்டில் உடனே, "அது சட்டப்படி தப்பு, கவர்மென்ட் வேலையும் கிடைக்காது" என்பார்கள். முதல் பாதி தவறு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு.

பச்சை குத்துவதற்கு இந்தியாவில் தடைச் சட்டம் இல்லை. ஊர் ஊராக வந்த குறத்திகளிடம் கையை நீட்டிய நம் ஆயாக்களின் முன்கையில் அந்தக் கோலமும் புள்ளியும் இன்னும் இருக்கின்றன.

வேலை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளுக்கான ஜிடி (பொதுப்பணி) கான்ஸ்டபிள் தேர்வில் விதி இன்னும் இறுக்கம்: மதச் சின்னமோ பெயரோ இருக்கலாம், சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான் இருக்க வேண்டும், அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். ஓட்டத்தில் ஜெயித்த பையன் கழுத்து டாட்டூவால் மருத்துவப் பரிசோதனையில் வெளியேறுவது பெரிய கொடுமை. படைக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதலில் அறிவிக்கையைப் படியுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

டாட்டூ போட்டால் ஓராண்டு ரத்த தானம் செய்யக் கூடாது என்பதும் விதி. ஊசி வழியாக ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரவலாம் என்பதுதான் காரணம்.

ஹெபடைடிஸ் பயத்தில்தான் நியூயார்க் நகரம் 1961இல் பச்சை குத்துவதையே தடை செய்தது. தொழில் நிற்கவில்லை, பூட்டிய அறைகளுக்குள் போனது. 1997இல் தடையை நீக்கினார்கள். தென்கொரியாவில் 1992 தீர்ப்பின்படி டாக்டர்கள் மட்டுமே குத்தலாம் என்று ஆனது. ஆனால் ஊரெங்கும் மற்றவர்கள் மறைவாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். 2025இல்தான் அவர்களுக்கு உரிமம் தரும் சட்டம் நிறைவேறியது.

2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடை ஒன்றில் ஸ்டைலுக்காக வாடிக்கையாளர்களின் நாக்கையே இரண்டாகப் பிளந்துவிட்டது தெரியவந்து, கடைக்குச் சீல் வைத்தார்கள். அதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனாலும் தடை போட்டால் யார், எந்த ஊசியால் குத்துகிறார் என்பதே தெரியாமல் போகும். நமக்கு வேண்டியது டாட்டூவுக்கென்றே ஒரு தனி உரிமமும் முறையான சோதனையும்.

அது வரும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். மையைப் புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். கையுறை புதிதா என்று பாருங்கள். திருவிழாக் கடையில் ஒரே ஊசி அடுத்தடுத்த கைகளுக்குப் போகிறது என்றால், முன்பணம் போனாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.