வாத்தியார் கடைசியாகத் தொழிற்சாலைக்குப் போனது எப்போது?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும் ஒரு பத்து நாளைக்கு என் கைப்பேசி ஓயாது. பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கத்திலிருந்து பெற்றோர் அழைப்பார்கள். பெரும்பாலும் அம்மாக்கள்தான். “சார், பையன் நெனச்ச அளவுக்குச் செய்யல. உங்க எடத்துல ஏதாச்சும் கோர்ஸ் இருக்கா?” என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் வழக்கமான கேள்விகள். கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, மெஷின் எல்லாம் புதியதா, முடித்தால் வேலை கிடைக்குமா.

எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “சார், நீங்க கடைசியா எப்ப ஒரு தொழிற்சாலைக்குள்ள நின்னு வேலை செஞ்சீங்க?” ஒரு பயிற்சி நிலையத்தின் தரத்தை அறிய, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஏன் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

பயிற்றுநர் ஆவதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் பராமரிப்பு டெக்னீஷியனாக இருந்தேன். பிறகு செபராங் பிறையில் தொழிற்சாலை மின்னியல் கற்பிக்க வந்தேன். வந்து ஆறாவது ஆண்டு, வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன்கள் நான்கு பேரை ஒரு கம்பெனி நேர்முகத்துக்கு என் காரிலேயே அழைத்துப் போனேன். உள்ளே இருந்த இன்ஜினியர் ஒரு தொடுதிரையின் படத்தைக் காட்டி, “உற்பத்தி லைன் நின்றுவிட்டது. திரையில் இந்த அலாரம். முதலில் எங்கே போய்ப் பார்ப்பாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நால்வருக்கும் பதில் வரவில்லை.

இந்தப் பையன்கள் பெரிய மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை மடமடவென்று வயரிங் செய்து ஓட்டிக் காட்டுவார்கள். ஆனால் நின்றுபோன மெஷினை அவர்கள் பார்த்ததே இல்லை. எங்கள் பட்டறையில் எதுவும் நிற்காது. வகுப்புக்கு முன்பே நாங்கள் சரிசெய்து வைத்துவிடுவோம். தவிர, நான் சொல்லிக்கொடுத்த பி.எல்.சி. (மெஷினை இயக்கும் சிறு கணினி) பலகையில் எல்லா வயரும் ஒரே பெட்டிக்கு வந்து சேரும். தொழிற்சாலையிலோ அதற்குள் சென்சார்கள் நெட்வொர்க் கேபிளில் பேசத் தொடங்கியிருந்தன. மோட்டாரின் அசைவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ டிரைவ் தன் கோளாறுக்குத் தானே ஓர் எண் காட்டியது. திரும்பும் வழியில் பாலத்தைக் கடக்கும்வரை காரில் யாரும் பேசவில்லை. தவறு பையன்கள்மேல் இல்லை. நான் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளோடு என் பாடமும் நின்றுபோயிருந்தது.

பயிற்சி நிலையமும் தொழில்துறையும் கைகோப்பது பினாங்குக்காரர்களுக்குப் புதிய சங்கதியே இல்லை. 1969இல் மாநில அரசு பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கியது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் வந்தது. இன்டெல், ஏ.எம்.டி., எச்.பி., போஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை இன்றும் ‘எட்டு சாமுராய்’ என்பார்கள். அப்போது தேவைப்பட்டவை விரல்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைத்த பெண்களில் என் பெரியம்மாவும் ஒருவர். எண்பதுகளில் அந்த வேலையை மெஷின்கள் எடுத்துக்கொண்டன. மெஷினைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள்தான் அதன்பின் தேவைப்பட்டார், அப்படிப்பட்டவர்கள் போதவில்லை.

அந்த நெருக்கடியில்தான் 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம், சுருக்கமாக பி.எஸ்.டி.சி., பிறந்தது. சந்தையில் ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கும் கம்பெனிகள் பயிற்சிக்காக ஒரே மேசையில் உட்கார்ந்தன. மாநில அரசு இடத்துக்கு வழி செய்தது. கம்பெனிகள் மெஷினும் கொடுத்தன, பாடம் நடத்த ஆளும் அனுப்பின. என்ன பாடம் வேண்டும் என்பதையும் அவர்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த ‘ஆள் அனுப்பியது’தான். புக்கிட் மின்யாக்கில் 1998இல் ஜப்பானிய ஒத்துழைப்போடு தொடங்கிய ஜே.எம்.டி.ஐ. என்ற ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்திலும் இதே கதைதான். ஜப்பானிய நிபுணர்கள் வந்து நம் பயிற்றுநர்களோடு சேர்ந்து உழைத்தார்கள்.

இப்போது ‘தொழில்துறைக் கூட்டு’ என்றால் பல இடங்களில் நடப்பது வேறு. புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கல், படம், தேநீர். பிறகு ஒரு நாள் லோரியில் மெஷின் வந்து இறங்கும். எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்துக்கு, சர்க்கியூட் பலகைமேல் உதிரிகளைப் பொருத்தும் மெஷின் ஒன்று அன்பளிப்பாக வந்தது. கம்பெனி தன் லைனைப் புதுப்பித்தபோது கழற்றி அனுப்பியது. வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது: உதிரி ஊட்டும் ஃபீடர்கள் பாதி இல்லை. மென்பொருள் உரிமம் பழைய கம்பெனியின் பெயரில் இருக்கிறது. கம்ப்ரெஸரின் காற்றழுத்தம் போதாது. கழன்ற ஒரு பெல்ட்டை மாற்ற வெளியாளைக் கூப்பிட்டால் அவர் கேட்ட தொகைக்கு அந்த ஆண்டின் பராமரிப்பு ஒதுக்கீடே போதவில்லை. இரண்டு ஆண்டுகளாக அது துணி போர்த்தி நின்றது. விருந்தினர் வரும்போது மட்டும் துணியை எடுப்பார்கள். கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை ஓட்டிப் பழகிய ஒரு டெக்னீஷியனை மாதம் இரண்டு நாள் கூடவே அனுப்பியிருந்தால் அந்த மெஷின் உயிரோடு இருந்திருக்கும்.

நேர்முகத்துக்குப் போய்வந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, என் பழைய தொழிற்சாலைச் சகாக்களில் ஒருவரைச் சனிக்கிழமைகளில் வரச் சொன்னது. என்னைவிட வயதில் மூத்தவர். நான் ‘அண்ணே’ என்பதைக் கேட்டு மாணவர்களும் அண்ணே என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் பாடம் நடத்தவில்லை. மாணவர்களை வெளியே தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு மெஷினைக் கெடுத்து வைப்பார். ஒரு திருகைச் சற்றே தளர்த்துவார். பார்ப்பதற்கு வயர் அதன் இடத்தில்தான் இருக்கும், தொடர்பு இருக்காது. சென்சாரை 2 மில்லிமீட்டர் நகர்த்துவார். காற்றுக் குழாயில் ஊசியால் ஒரு துளை. ஒருமுறை சென்சாரின் முகத்தில் லேசாக எண்ணெய் தடவிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நின்றார். பையன்கள் ஒன்றரை மணி நேரம் தேடினார்கள்.

முதல் வாரங்களில் எல்லாரும் கண்ணில் பட்டதைக் கழற்றினார்கள். மூன்றாம் மாதம் கழற்றுவதை நிறுத்திவிட்டார்கள். முதலில் திரையைப் படிப்பது, எந்தப் படியில் நின்றது என்று பார்ப்பது, அந்தப் படிக்கு எந்த சிக்னல் வர வேண்டும் என்று யோசிப்பது, பிறகுதான் மல்டிமீட்டரை எடுப்பது என்று ஒரு வரிசை தானாக வந்தது. கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவதையும் அவர் விடாமல் செய்ய வைத்தார். அந்தப் பூட்டின் சாவி அவரவர் பையில்தான் இருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் நானும்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பூட்டு போடாமல் கை வைத்ததால் விரலை இழந்தவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லும்போது அது வேறு மாதிரி இறங்குகிறது.

அவர் முதல் நாளே என்னிடம் கேட்ட இன்னொன்று: “ஏன் இங்க யாரும் கைல ஸ்ட்ராப் கட்டல?” நிலைமின்சாரத்தைத் தரையிறக்கும் மணிக்கட்டுப் பட்டை. எங்கள் பட்டறையில் அது அலமாரியில் தூங்கியது. நம் விரலுக்குச் சுரீரென்று உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் நிலைமின்சாரம் வேண்டும். சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். தொட்டவனுக்கு எதுவும் தெரியாது, பலகையும் அன்றைக்கு ஓடும், வாடிக்கையாளரிடம் போன பிறகு சாகும். 11 ஆண்டுகள் தினமும் கட்டிய பட்டையை நானே மறந்திருந்தேன். தொழிற்சாலையை விட்டு விலகியிருந்தால் பழக்கம் இப்படித்தான் உதிரும்.

மொழி விஷயமும் அங்கேதான் புரிந்தது. நம் பையன் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு மலாயில் எஸ்.பி.எம்., பயிற்சி நிலையத்திலும் மலாய். தொழிற்சாலைக்குப் போனால் கோளாறு அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வேலை தெரிந்த பையன்கூட அந்தத் தாளைக் கண்டு ஒதுங்குவான். ஒதுங்கினால் பதவி உயர்வும் ஒதுங்கிவிடும். கம்பெனியிடம் பணமோ மெஷினோ கேட்காமல் அவர்களின் வெற்று அறிக்கைத் தாளை மட்டும் கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டுபிடித்த கோளாற்றை அதே தாளில் ஐந்து வரி எழுத வைத்தோம். செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது வேலை, நானே உள்ளே போனது. பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம், மாணவனைப்போல் பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு லைனில் நின்றேன். எனக்குப் பாடம் எடுத்த டெக்னீஷியன் என் முன்னாள் மாணவர். “சார், இத நீங்க சொன்ன மாதிரி செய்ய முடியாது, இப்ப இப்படி” என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பல நிலையங்களில் பயிற்றுநர் இப்படிப் போக விடுப்புக் கிடைக்காது. போனால் வகுப்பை யார் பார்ப்பது என்பார்கள். ஒப்பந்தம் எழுதும்போது, மெஷின் பட்டியலுக்குப் பக்கத்தில் ‘ஆண்டுக்கு இத்தனை வாரம், இத்தனை பயிற்றுநர்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தேசியத் தொழில்திறன் தரநிலைகளைத் தொழில்துறையினரைக் கூட்டித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் நடுவில் லைன் மாறிவிடும். அந்த இடைவெளியைப் பயிற்றுநரின் கால்தான் நிரப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் 71 அரசு நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்தார்கள், அது செய்திகளில் வந்தது. என்னைக் கவர்ந்தது அதற்கு முந்தையது. இந்திய அரசு 2007இல் தொடங்கிய திட்டத்தில் 1,396 ஐ.டி.ஐ.களுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பணத்தை நிலைய நிர்வாகக் குழுவிடம் கொடுத்து, அந்தக் குழுவின் தலைவர் நாற்காலியில் தொழில்துறைக் கூட்டாளியை உட்கார வைத்தார்கள். பொறுப்பைக் கையில் கொடுத்தால் வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது.

கூட்டு என்ற பெயரில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. என் மாணவர் ஒருவர் நான்கு மாதத் தொழிற்பயிற்சிக்குப் போனார். முதல் நாளிலிருந்து பெட்டியில் லேபல் ஒட்டும் வேலை. மெஷினைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்துதான் பார்த்தார். கடைசி வாரம் அவருடைய குறிப்பேட்டில் நான்கு மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனிக்கு மலிவாக ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். இதில் எங்கள் நிலையத்துக்கும் பங்கு உண்டு; நான்கு மாதத்தில் நாங்கள் ஒருமுறைதான் போய்ப் பார்த்தோம். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம்.

அதனால்தான் பெற்றோரிடம் எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். ஜெர்மானிய முறையைப் பார்த்து 2005இல் நம் நாட்டில் தொடங்கியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு தொழிற்சாலையில், மீதி நிலையத்தில். வாரம் நான்கு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்றும் நடக்கும். கம்பெனியோடு ஒப்பந்தம் உண்டு, உதவித்தொகை உண்டு, முடிவில் மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. வீட்டில் இருபது ஆண்டு வேலை செய்த அப்பா இருந்தால் அவரும் கேட்டுப் பார்க்கலாம்: வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டியே அதே சான்றிதழைப் பெற வழி இருக்கிறது.

சரி, பயிற்சி நிலையத்துக்குப் பையனையோ மகளையோ அழைத்துக்கொண்டு போகிறீர்கள். வரவேற்பறையில் ஒப்பந்தப் படங்கள் மாட்டியிருப்பார்கள். அவற்றில் உள்ள கம்பெனிகளிலிருந்து போன மாதம் யார் வந்து வகுப்பு எடுத்தார் என்று கேளுங்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லி, போர்த்திய துணி ஏதாவது இருந்தால், அது கடைசியாக எப்போது ஓடியது என்று கேளுங்கள். தொழிற்பயிற்சிக்குப் போகும் இடத்தில் குறிப்பேட்டில் வாரா வாரம் கையெழுத்துப் போடுவது யார் என்று கேளுங்கள். போன ஆண்டு முடித்த பையன் ஒருவனோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல நிலையம் உடனே எண்ணைக் கொடுக்கும்.

பயிற்றுநரிடம் அந்த முதல் கேள்வியையும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் கேட்டால் போன ஜூன், பத்து காவான் தொழிற்பேட்டையில், இரண்டு வாரம் என்பேன். அடுத்தது டிசம்பரில். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு.