எடை குறைந்துவிட்டது, தைராய்டு மாத்திரை மட்டும் ஏன் பழைய அளவில்?

பெரம்பூரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு 47 வயது, வங்கி வேலை. எடையைக் குறைக்க, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 112 கிலோவிலிருந்து 79-க்கு வந்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மகள் பிடிவாதம் பிடித்ததால்தான் என்னிடம் வந்தார்.

"எடை நல்லாத்தான் இறங்குது டாக்டர். ராத்திரி மட்டும் தூக்கம் வரமாட்டேங்குது. படுத்தா நெஞ்சு திக்திக்னு அடிக்குது."

இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தேன். அப்படியும் தாளின் ஓரம் ஆடிக்கொண்டே இருந்தது. நாடித்துடிப்பு 108. எட்டு மாதத்தில் அவருடைய சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார்கள். தைராய்டுக்குப் பல வருடமாகச் சாப்பிடும் 150 மைக்ரோகிராம் மாத்திரையை மட்டும் யாரும் தொடவில்லை. டி.எஸ்.எச். பரிசோதித்தோம். தைராய்டைத் தூண்ட மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் இது; உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இது இறங்கும், குறைந்தால் ஏறும். அவருக்கு 0.03, மிகக் குறைவு.

தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யாத ஒருவருக்கு லெவோதைராக்சின் என்கிற இந்தத் தைராய்டு மாத்திரையின் அளவு தோராயமாக ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம். 33 கிலோ போன பிறகு பழைய அளவு அதிகம்தானே? டி.எஸ்.எச். இவ்வளவு கீழே இறங்கினால் மாத்திரை மிகையாகிவிட்டது என்று பொருள். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, அடிக்கடி வெளிக்குப் போவது எல்லாம் வரும். அதை அப்படியே விட்டால் இதயத்துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும். மாதவிடாய் நிற்கும் வயதில், அதுவும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்சியம் உட்கிரகிப்பு குறைந்திருக்கும்போது, எலும்பை இழப்பது சாதாரண விஷயமில்லை. இதில் எனக்குக் கவலை தருவது ஒன்றுதான். மாத்திரை மிகையானாலும் எடை இறங்கும். அதனால் "ஆபரேஷன் நல்லா வேலை செய்யுது" என்று வீடே மகிழ்ந்துகொண்டிருக்கும். அந்த எடையில் தசையும் சேர்ந்து கரைவது யாருக்கும் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. உடல் பருமன் உள்ள பலருக்கு டி.எஸ்.எச். லேசாகக் கூடுதலாக இருக்கும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்கிற ஹார்மோன் மூளை வழியாக அதைத் தூண்டுகிறது. எடை குறைந்ததும் அது தானாக இறங்கிவிடும். இவர்களில் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது. ஆனால் ஹாஷிமோட்டோ என்கிற, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நோயோ, சுரப்பியை அகற்றிய நிலையோ என்றால் கதை வேறு. எத்தனை கிலோ குறைந்தாலும் அவர்களுக்கு மாத்திரை வேண்டும். "எடை போச்சு, தைராய்டும் போச்சு" என்று தானாக நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து முகம் வீங்கி வருபவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் எந்த வகை என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், மாத்திரை உடம்பில் சேராமல் போகும் சிக்கல். மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். எடையைக் குறைக்க வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம். தைராய்டு மாத்திரையின் அளவை 100, 125, 150 என்று ஏற்றிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காமல் 14-லேயே நின்றது, அதாவது மருந்து போதவில்லை. காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவரைக் கேட்டேன். பதில் சொன்னது மனைவி.

"நான்தான் டாக்டர், எல்லா மாத்திரையையும் ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிடுவேன். ஆறு மணிக்குக் காபியோட போட்டுக்குவார்."

தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம், கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை, எல்லாம் அந்தக் கிண்ணத்தில். அன்போடு செய்தது, அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கால்சியமும் இரும்பும் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபில்டர் காபியும் அது சேருவதைக் குறைக்கும். இந்த மாத்திரை நன்றாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். வயிறு சுருங்கியதிலேயே அமிலம் குறைந்திருக்கிறது, கேஸ் மாத்திரை மிச்சத்தையும் குறைக்கிறது. பைபாஸில் உணவு சிறுகுடலின் மேல்பகுதியைத் தொடாமல் போவதும் சேர்ந்துகொள்ளும்.

அளவை நான் ஏற்றவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினோம். ஐந்து மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. காபி ஆறு மணிக்கு. இரும்பும் சத்து மாத்திரையும் பத்து மணிக்கு மேல். கால்சியம் மதியமும் இரவும் சாப்பாட்டுக்குப் பின். தைராய்டுக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்று அவருடைய சர்ஜனிடம் கேட்கச் சொன்னேன், நிறுத்தலாம் என்றார். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 2.8.

ஏன் எட்டு வாரம்? இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். எந்த மாற்றமும் நிலைக்கு வர ஆறு வாரமாவது வேண்டும். பத்து நாளில் பரிசோதித்துப் பதறுவதில் பயனில்லை. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறையும், எடை இறங்கும் முதல் வருடம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது என் வழக்கம்.

கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு ஒன்று. எடை குறையும்போது நின்றிருந்த மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதமாவது தள்ளிப்போடச் சொல்கிறோம். அதையும் மீறித் தங்கினால், நாள் தள்ளிப்போன அந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். கர்ப்பத்தில் மருந்தின் தேவை கால் பங்குக்கு மேல் கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சி அதை நம்பியிருக்கிறது.

போன வாரம் அம்பத்தூரிலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஸ்லீவ் முடிந்து ஐந்து மாதம். டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு ஹார்மோனான டி4 கூடுதல். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் அவர் சாப்பிடும் தைராய்டு மாத்திரையைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் கை நடுங்கவில்லை, நாடி 72, தூக்கத்துக்கும் குறைவில்லை. சாப்பிடும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வேன் என்பதால் ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை அட்டைகள் வைத்திருந்தார். மேசையில் கொட்டினோம். அடியில் ஒரு டப்பா கிடந்தது.

"இது முடி கொட்டுறதுக்கு டாக்டர். கடையில நானே வாங்கினேன். வைட்டமின்தானேன்னு சொல்லல."

பயோட்டின், 10 மில்லிகிராம். அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவது வழக்கம்தான். புரதமும் இரும்பும் சரியானால் பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனால் இவ்வளவு பயோட்டின் பல ஆய்வகக் கருவிகளில் தைராய்டு அளவுகளைத் தப்பாகக் காட்டும், சுரப்பி மிகையாக வேலை செய்வதுபோல. அதை நிறுத்தச் சொல்லி நான்கு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச். 2.1 வந்தது. மாத்திரை அளவை மாற்றாமலே அனுப்பினேன்.